உறைந்திருக்க வேண்டிய எண்ணெய்

டில்லியில் தேங்காய் எண்ணெய் தேய்க்கிற தமிழ் வீடுகளில் ஜனவரி மாதக் காலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும். எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. யாராவது ஒருவர் அதை வெந்நீரில் நிறுத்தி வைக்க வேண்டும். வெயில் இருக்கிற நாளில் பால்கனிச் சுவரில் வைக்கலாம். எங்கள் வீட்டில் அது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து கை பழகிவிட்டது. யோசிக்கத் தேவையில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், அதே வேலையை யோசிக்காமல் பள்ளிக்கூடத்திலும் செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மேற்கு டில்லியில் தமிழர்கள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் நான் லேப் அட்டெண்டன்ட். விழுப்புரம் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த மாமா வரச் சொல்லி வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். நான்கு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் வராது. பள்ளியில் படிக்கும்போது வருகைப் பதிவுக்கே இரண்டு முறை பதில் சொல்வேன், முதல் முறை சொன்னது வாத்தியார் காதில் விழுந்திருக்காது. அப்படிப்பட்டவனுக்கு லேப் நல்ல இடம். பாட்டிலைக் கழுவி, துடைத்து, பெயர் ஒட்டி அலமாரியில் வைத்தால் போதும். பாட்டில் எதையும் கேட்காது.

லேப் பெரிய வகுப்புகளுக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை. நாலாம் வகுப்பு அறிவியல் என்றால் புத்தகத்தை வாசித்து, கேள்விக்குப் பதில் எழுதி, மனப்பாடம் செய்வது. திடப்பொருளுக்குத் தனி வடிவம் உண்டு, திரவத்துக்கு இல்லை என்று முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வது மாடி வரை கேட்கும்.

ஒரு ஜூலையில் நாலாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழாம், ஆனால் வாக்கியத்துக்கு ஒரு ஹிந்தி வார்த்தை இல்லாமல் அவளால் பேச முடியாது. வந்த முதல் வாரமே லேப் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, ஒரு டஜன் பலூன் கிடைக்குமா?"

"லேப்ல பலூன் இல்லைங்க டீச்சர்."

"ஸ்பாஞ்ச்?"

"இல்லைங்க."

"இத்தன பெரிய லேப்ல என்னதான்ணா இருக்கு? மணலாச்சும்?"

"பின்னால கட்டட வேலை நடக்குது. ரெண்டு டப்பா எடுத்துட்டு வரேங்க."

"அச்சா. அப்ப மணல்ல ஆரம்பிப்போம்."

மறுநாள் அந்த மணலை ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு டம்ளரில் கொடுத்தாள். "இது ஊத்தினா ஊத்துது, டம்ளர் ஷேப்புக்கு வருது. அப்ப இது லிக்விட்தானே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முன் பெஞ்சில் ஒரு ரெட்டைச் சடைப் பெண் விரல் நுனியில் ஒரே ஒரு மணலை ஒட்டிக்கொண்டு வந்து நீட்டினாள். "ஏக் தானா தேகோ மேம், யே தோ பத்தர் ஹை!" ஒரு மணியைப் பாருங்கள், இது கல்தானே என்கிறாள். டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. என்னிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி அவள் கையில் கொடுத்தாள். கதவோரம் துடைப்பத்துடன் நின்றிருந்த நான் பெருக்குவதை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்த காலத்தில் எனக்கு ஒருத்தரும் மணலைக் கையில் கொடுத்ததில்லை.

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. முந்தின நாள் சாயந்திரம் ஒரு சீட்டு வரும். அதில் இருப்பதையெல்லாம் காலையில் ஒரு பெரிய தட்டில் எடுத்து வைத்து, மேலே ஒரு டவலைப் போட்டு மூடி, நான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பாடம் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் எதிரில்தான் அவள் டவலை எடுப்பாள். அதற்கு முன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். "நானும் அவங்களோட சேந்து பாக்கணும்ணா. அப்பத்தான் என் மூஞ்சில நடிப்பு இருக்காது" என்பாள். நான் வைத்தது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. பெயரைச் சொல்லாதே, முதலில் தொட்டுப் பார், அப்புறம் பேசு. இது அவள் வகுப்பின் சட்டம்.

சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஊதிய பலூன் கட்டித் தராசு செய்தேன். ஒன்றைக் குத்தினால் மற்றது கீழே இறங்கும், காற்றுக்கும் எடை உண்டு. சாய்த்த தட்டில் தண்ணீரும் தேனும் ஓட்டப்பந்தயம் விட வேண்டும் என்று ஒருமுறை எழுதியிருந்தாள். சீட்டைப் படித்துவிட்டு, எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "தோசை மாவும் விடலாங்களா டீச்சர்?"

அவள் கைகொட்டிச் சிரித்தாள். "அரே வாஹ் அண்ணா! இத்தன நாள் எங்க வச்சிருந்தீங்க இந்த மூளைய?"

பந்தயத்தில் தோசை மாவு கடைசியாக வந்தது. "மாவு லிக்விடா இல்லையா?" என்று பிள்ளைகள் மணி அடித்த பிறகும் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். சீட்டில் இல்லாத ஒன்றை நானாக யோசித்துச் செய்யலாம் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததுதான். அது வராமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் நினைத்திருக்கிறேன்.

அவளுக்கு நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. மூன்றாவது வருட ஜனவரியில் பிரின்சிபலும் நிர்வாகக் கமிட்டியிலிருந்து ஒருவரும் வந்து அவள் பாடத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். "இது மட்டும் கிடைச்சுட்டா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் உங்களுக்கு பலூன் ஊதுறதுதான் வேலை, பாத்துக்கோங்க" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாயந்திரம் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றாள். "தேங்கா எண்ணெ பாட்டில் நான் கொண்டாந்துட்டேன்ணா. லேப் ஜன்னல்ல வச்சிருக்கேன். காலைல எடுத்து அப்படியே தட்டுல வச்சிருங்க."

"சரிங்க டீச்சர்."

எதற்காக ஜன்னலில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாமே அந்த இடத்தில் முடிந்திருக்கும். பேச்சை நீட்டிக்கப் பழகாதவன் நான்.

மறுநாள் காலை கடுமையான மூடுபனி. வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிப் பள்ளிக்கு வந்துவிட்டேன். வடக்குப் பக்க ஜன்னலில், கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்தச் சின்னக் கண்ணாடி பாட்டில் நின்றது. உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், வெயில் படட்டும் என்று வைத்திருக்கிறாள், குளிர்காலத்தில் வடக்கு ஜன்னலில் வெயில் எங்கே வரும், இந்த ஊரிலேயே பிறந்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தேன். சீட்டில் தண்ணீர், பால், எண்ணெய் என்று வரிசையாக இருந்தது. மூன்றும் திரவம். மூன்றாவது மட்டும் கல்லாக இருந்தால் பெரியவர்கள் முன்னால் அவளுக்கு என்ன மரியாதை?

கெட்டிலில் தண்ணீர் சுட வைத்தேன். மக்கில் ஊற்றி பாட்டிலை நிறுத்தினேன். உருக உருக ஓரம் தெளிந்து, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்து, அதுவும் கரைந்தது. மறுபடி உறைந்துவிடக் கூடாதே என்று என் மெரூன் மஃப்ளரைக் கழற்றி பாட்டிலைச் சுற்றி வைத்தேன். மஃப்ளர் இல்லாமல் கழுத்து நடுங்கியது. அதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மணி அடிப்பதற்குச் சற்று முன் மஃப்ளரை அவிழ்த்து, பாட்டிலைத் தட்டில் வைத்து, டவலைப் போட்டு மூடினேன்.

பனியில் பஸ் ஊர்ந்து வந்ததால் அவள் கடைசி நிமிடத்தில்தான் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஆல் செட் அண்ணா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

பின் பெஞ்சில் பிரின்சிபல் மேடமும், கமிட்டியிலிருந்து வந்த சாரும் உட்கார்ந்தார்கள். சார் பெரிய அரசாங்கப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைக்காரர். நான் கதவோரம் என் இடத்தில் நின்றேன். ஸ்பாஞ்சை அமுக்கினார்கள், ரப்பரை வளைத்தார்கள். பலூன் வெடித்ததும் சாரே ஒரு துள்ளு துள்ளினார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எல்லாம் நன்றாகப் போனது.

கடைசியாக பாட்டிலின் முறை. அதன் மேல் மட்டும் டவலின் ஓரத்தை எடுக்காமல் விட்டிருந்தாள். "இதுக்குள்ள இருக்கிறது உங்க அம்மா கடையில வாங்கும்போது ஊத்துற பொருள்தான். ஆனா நான் மூடியத் திறந்து தலைகீழாப் பிடிச்சா விழாது. பெட் கட்டுறீங்களா?" என்று மூன்று மொழியும் கலந்து கேட்டாள். பாதிப் பேர் விழும் என்றார்கள், பாதிப் பேர் விழாது என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது உறைய வேண்டும் என்றே வடக்கு ஜன்னலில் வைக்கப்பட்டது. உறைந்த பாட்டிலைப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிக்க, கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் அது ஓரத்தில் உருகத் தொடங்கியிருக்கும். அதே பொருள், அவர்கள் கைச் சூட்டினால் மட்டும் மாறியிருக்கும். அதுதான் அன்றைய பாடம். மற்றதெல்லாம் முன்னுரை.

டவலை எடுத்தாள். உள்ளே எண்ணெய் பொன்னிறமாகத் தளும்பியது.

"கிர் ஜாயேகா மேம், கிர் ஜாயேகா!" விழுந்துவிடும் விழுந்துவிடும் என்று ஜெயித்த பாதி வகுப்பு குதித்தது.

அவள் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு நிமிர்ந்தாள். வகுப்பைப் பார்த்தாள், என் பக்கமும் பார்த்தாள். "சரி. நேத்து சாயங்காலம் இது உறையட்டும்னு நான் வச்சேன். இப்ப உருகியிருக்கு. அப்படின்னா யாரோ இதுக்குச் சூடு குடுத்திருக்காங்க. யாரு?"

"சூரஜ்!" என்றான் ஒருவன்.

"வெளில பாருடா, சூரியன் இருக்கா?"

"ஹீட்டர் மேம்!"

"ஹீட்டர் எங்க இருக்கு?"

"ஆப் கா ஹாத்!" உங்கள் கை என்றாள், முதல் வருடம் மணலை நீட்டிய ரெட்டைச் சடைப் பெண்ணின் தங்கை.

"நான் இப்பத்தானே தொட்டேன்? யோசிங்க. யாரு?"

கையைத் தூக்க வேண்டும், நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று உள்ளே ஒன்று தள்ளியது. முப்பத்தைந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் தரையில் கிடந்த பலூன் துண்டைக் குனிந்து எடுத்தேன். எடுத்த பிறகும் குனிந்தே இருந்தேன்.

"இந்தக் குளிர்ல அதுவா உருகிருச்சோம்மா?" என்றார் கமிட்டி சார். குரலில் கிண்டல் இருந்தது. "பாடம் எடுக்க வர்றதுக்கு முன்னால சாமான் சரியா இருக்கான்னு பாத்துக்கிட மாட்டீகளா?"

மணி அடித்தது.

வராந்தாவில் தட்டோடு போய்க்கொண்டிருந்த என்னை நிறுத்தினாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. "அண்ணா, காலைல பாட்டில யாராச்சும் எடுத்தாங்களா?"

"தெரியலைங்க டீச்சர்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அச்சா" என்றாள். பிறகு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் பிரின்சிபல் அறையில் டீ கொடுக்கிற ஆள் வரவில்லை, நான்தான் கொண்டுபோனேன். "பிள்ளைங்ககிட்ட நல்லா பழகுறா. ஆனா டிசிப்ளின் இல்ல. வகுப்பே சந்தை மாதிரி இருக்கு. சாமானக்கூட செக் பண்ணல" என்று மேடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கப்பை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். "என்னப்பா?" என்றார். "ஒண்ணுமில்லைங்க மேடம், சக்கரை போட்டிருக்கு" என்றேன்.

நான் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. என்னுடையது நிரந்தர வேலை. மிஞ்சிப் போனால் திட்டியிருப்பார்கள். வேலைக்குப் பயந்து வாயை மூடினேன் என்றால் அதையாவது ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சத்துக்காக ஒரு பெண்ணின் வேலையை விட்டுக்கொடுத்தேன்.

மார்ச்சோடு அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த பாட்டில் ஒன்றினால்தானா என்று எனக்குத் தெரியாது. சத்தமில்லாத வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் அதையும் எனக்குச் சாதகமாக எழுத எனக்கு உரிமையில்லை. கடைசி நாள் லேபுக்கு வந்து, மீதி பலூன் பாக்கெட்டை என் மேஜையில் வைத்தாள். "வச்சிக்கோங்கண்ணா, எக்ஸ்பைரி டேட் கிடையாது" என்று சிரித்தாள். பிப்ரவரி முழுக்க, அதற்குப் பிறகும், ஒவ்வொரு நாளும் இன்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அந்தக் கடைசி நாளும் சொல்லவில்லை.

போன வருடம் டிசம்பரில் ஜனக்புரி மெட்ரோ பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் கூப்பிட்டாள். "அண்ணா! அதே மஃப்ளரா இன்னும்?"

"எப்படி இருக்கீங்க டீச்சர்? எந்த ஸ்கூல்ல இருக்கீங்க இப்ப?"

"ஸ்கூல் எல்லாம் விட்டாச்சுண்ணா. ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கேன். தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்ல அங்க, கீபோர்டு தவிர." சிரித்தாள். பிறகு, "இந்த வருஷம் எண்ணெ உறைஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. பிளாட்பாரம் நிறைய ஆட்கள். யார் திரும்பிப் பார்த்தார்களோ தெரியாது. "டீச்சர், அன்னைக்கு அத உருக்குனது நான்தாங்க. வெயிலுக்கு வச்சீங்கன்னு நினைச்சுட்டேன். வெந்நீர்ல வச்சேன்."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"பாட்டில் அப்பவும் கையில லேசா சூடா இருந்துச்சே. எனக்கு முன்னால ஸ்கூலுக்கு வர்றது நீங்கதான். மெரூன் நூலு வேற ஒட்டியிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏங்க என் பேரச் சொல்லல?"

"சொல்லி? உங்கள மாட்டிவிட்டு நான் தப்பிக்கணுமா?" தண்டவாளத்தின் பக்கம் பார்த்தாள். "நீங்க கையத் தூக்குவீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் யாரு யாருன்னு கேட்டுட்டே இருந்தேன். நீங்க மட்டும், வெந்நீர்ல வச்சேன், மஃப்ளர சுத்தினேன்னு சொல்லியிருந்தா, பாடம் அங்கயே முடிஞ்சிருக்கும்ணா. நான் யோசிச்சதவிட நல்லா முடிஞ்சிருக்கும். மஃப்ளர் எதுக்குன்னு அந்தப் பிள்ளைங்க விட்டிருக்குமா உங்கள?"

வண்டி வந்தது. கூட்டம் அவளை உள்ளே தள்ளியது. கதவு மூடுவதற்கு முன், கையை ஒருமுறை ஆட்டினாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பயம் என்று நான் நினைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில், இரண்டு உள்ளங்கையிலும் சூட்டை உணர்ந்து, யார் என்று கண்டுபிடித்து, என்னையும் காப்பாற்றித் தன் பாடத்தையும் காப்பாற்ற அவள் ஒரு வழி செய்திருக்கிறாள். அந்த வழிக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது ஒரு கை.

இந்த ஜனவரியில் நானும் ஒரு பாட்டிலை வடக்கு ஜன்னலில் வைத்தேன். இரண்டே நாளில் வெள்ளையாக உறைந்தது. இப்போதுள்ள நாலாம் வகுப்பு மேடத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். "மேடம், பொருளோட நிலை மாறுறது பாடம் வருதுங்களே, இத பிள்ளைங்க கையில குடுத்தா சூட்டுல உருகும், காட்டலாங்களா" என்று ஹிந்தியில் சொல்லி முடித்தேன். குரல் எல்லாருக்கும் கேட்டது. ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மேடம் ஹிந்திக்காரர், நல்ல மனுஷி. "அண்ணா, ஸ்மார்ட் போர்டில் வீடியோ இருக்கிறதே, ஐஸ் உருகுவது அழகாகத் தெரியும்" என்று ஹிந்தியில் சொன்னார். "எண்ணெய் கையிலெல்லாம் ஆகும், நோட்டெல்லாம் பாழாகும். அடுத்த வாரம் பார்க்கலாம்."

அடுத்த வாரம் வேறு பாடம் வந்துவிட்டது. பாட்டிலை நான் எடுக்கவில்லை. பிப்ரவரி போய், மார்ச்சில் ஒரு மத்தியானம் பார்த்தபோது ஓரம் தெளிந்திருந்தது. நடுவில் வெள்ளைக் கட்டி மிதந்தது. சாயந்திரம் லேபைப் பூட்டும்போது அதுவும் இல்லை.